கணக்கு சார் சொல்லாத வார்த்தை

சரவணா,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறிவிடாதே. எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்கு மெனக்கெட்டுக் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறான் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிடுவேன், அதுதான் காரணம். இருபத்தாறு வருஷமாக அப்படி மாற்றிச் சொல்லியே வந்திருக்கிறேன். எழுதினால் உன் அம்மா ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கவரை ஒட்டுவாளாம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறாள். முப்பத்து மூன்று வருஷம் மைன்ஸில் வேலை பார்த்தேன், எந்தச் சூப்பர்வைசரும் இப்படிப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை வாங்கியதில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய் இல்லையா, அதைப் பற்றித்தான். இலக்கியா பத்தாவது முடித்துவிட்டாள், பிளஸ் ஒன் அப்ளிகேஷனில் எந்த குரூப் என்று வியாழக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாய். "அவ கணக்கு குரூப்தான் வேணும்ங்கறாப்பா. நான் வேணாம்னுட்டேன். காமர்ஸ் எடு, அதுலயும் வணிகக் கணிதம் இல்லாத பிரிவா பாத்து எடுன்னு சொல்லியிருக்கேன். எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்லயும் எல்லாரும் அதையேதான் சொல்றாங்க" என்றாய். ஏன்டா, பிள்ளை ஆசைப்படுகிறாளே என்று கேட்டேன். நீ சிரித்தாய். "நம்ம வம்சத்துக்கே கணக்கு வராதுப்பா. எனக்குத் தாங்காதுன்னு பத்தாவது கணக்கு எடுத்த பக்கிரிசாமி சாரே சொன்னாரு இல்ல? அவரே சொன்னப்புறம் வேற என்ன வேணும்? தெரிஞ்சே அவளைக் கொண்டுபோய் அதுல தள்ளணுமா?" அப்போது பின்னால் இருந்து அவள் குரல் கேட்டது. "தாத்தா, கணக்கு எடுத்தா நான் ஃபெயிலாயிடுவேனா?" நான் என்ன செய்தேன் தெரியுமா? சிக்னல் சரியில்லை கண்ணு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உன் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இப்பவாவது நீங்க சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?" என்றாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பக்கிரிசாமி சார் உன்னைப் பற்றி அப்படிச் சொல்லவே இல்லை. உனக்குக் கணக்கு தாங்காது என்று சொன்னது நான். அவர் பெயரைப் போட்டுச் சொன்னேன். அதை நீ இத்தனை வருஷம் நம்பியது போதாதென்று, இப்போது உன் மகளுக்கும் எடுத்துக் கொடுக்கிறாய். அது அவள் தலையில் இறங்குவதற்கு முன்னால் உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றேழு வாங்கியிருந்தாய். ரிசல்ட் வந்த வாரம் எனக்கு முதல் ஷிப்ட். கரி வருகிற கன்வேயர் பெல்ட்டை இழுக்கிற மோட்டார் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். டிபன் பாக்ஸைத் திறப்பது அங்கேதான். எங்கள் கேங்கில் எட்டுப் பேர். குவார்ட்டர்ஸில் ஆளுக்கொரு பிளாக்கில் இருந்தாலும் எங்கள் எட்டு வீட்டுக் காரியங்களும் அந்தக் கொட்டகையில்தான் முடிவாகும். யார் பெண்ணுக்கு எந்த ஊர் மாப்பிள்ளை, யார் வீட்டுக்கு எந்தக் கம்பெனி மிக்சி, எல்லாமே அங்கே பேசித்தான். வீட்டில் பெண்டாட்டியிடம் கேட்பதற்கு முன்னால் கொட்டகையில் கேட்டுவிடுவோம். அந்த வருஷம் எங்களில் ஐந்து பேரின் பையன்கள் பத்தாவது முடித்திருந்தார்கள். கேங்கில் மூத்தவர் முத்தையா அண்ணன் எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். "இனிமே பெல்ட்டுக்கு ஆள் எடுக்க மாட்டாங்கப்பா, எல்லாம் கான்ட்ராக்ட்தான். ஸ்டோர்ஸ், டைம் ஆபீஸுக்குத்தான் பர்மனென்ட்டா எடுப்பாங்களாம். காமர்ஸ் குரூப் படிச்சுட்டு டைப்ரைட்டிங் லோயர் முடிச்சிருந்தா மொத ஆளா கூப்பிடுவாங்களாம்." அந்த 'களாம்' எங்கிருந்து வந்தது என்று ஒருத்தனும் கேட்கவில்லை. பர்மனென்ட் என்கிற சொல் காதில் விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு எதுவும் கேட்காது. தயிர்சாதம் தீர்வதற்குள் ஐந்து பையன்களும் காமர்ஸ் என்று முடிவாகிவிட்டது. ஐந்து பையன்களில் ஒருவனையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னபோது, "புள்ள தொண்ணூத்தேழு வாங்கியிருக்கானே" என்று மட்டும் சொன்னாள். உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்றேன். இந்த வரியைப் படித்துவிட்டு இப்போது தலையை ஆட்டுகிறாள்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் நீ கிரவுண்டுக்கு விளையாடப் போயிருந்தபோது, பக்கிரிசாமி சார் வடக்குத்து கிராமத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு நம் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அதுவரை எந்த வாத்தியாரும் நம் வீட்டுப் படி ஏறியதில்லை. நான் பனியனோடு இருந்தேன், அவசரமாகச் சட்டையைத் தேடினேன். உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார். "பையனுக்குக் காமர்ஸ் போடப் போறதா கேள்விப்பட்டேங்க. அதான் வூட்டுக்கே வந்துட்டேன். தயவு பண்ணி அப்பிடிச் செஞ்சிடாதீங்க. மார்க்குக்காகச் சொல்லலைங்க, மார்க் எத்தினியோ பேர் வாங்கறான். இவன் நான் போர்டுல போடற வழிய வுட்டுட்டு அவனா ஒரு வழி புடிச்சிகினு வரான். சில தபா வெடை தப்பாக்கூட வருது. ஆனா அந்த வழி எனக்கே புதுசா இருக்குதுங்க. இருவது வருஷமா சொல்லிக் குடுக்கறேன், ரெண்டு மூணு பேரைத்தான் அப்பிடிப் பாத்திருக்கேன்." அவர் சொன்னது இதுதான். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. உன் அம்மா காப்பித் தம்ளரோடு சமையலறை நிலையில் நின்று கேட்டாள். அவளும் இதையேதான் சொல்வாள். இதைக் கேட்டு ஒரு தகப்பன் எப்படிப் பூரித்திருக்க வேண்டும். நான், "எனக்கும் ஆசைதான் சார், பையனுக்குத்தான் விருப்பமில்லை. காமர்ஸ்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவர் நம்பவில்லை. "அவனையே ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுங்களா?" என்றார். "வேணாம் சார், இதைப் பேசினாலே அழறான்" என்றேன். சார் காப்பியைக் குடித்துவிட்டு, சரிங்க என்று எழுந்து போய்விட்டார்.

அவர் சைக்கிள் தெருமுனையைத் தாண்டுவதும் நீ கிரிக்கெட் பேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருவதும் ஒரே நேரமாக இருந்தது. "சார் எதுக்குப்பா வந்தாரு?" என்று கேட்டாய். உன் முகத்தில் அத்தனை சந்தோஷம். அவர் உன்னைப் பாராட்டத்தான் வந்திருப்பார் என்று உனக்கே தெரிந்திருந்தது. அப்போது நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ காமர்ஸுக்கு ஒத்துக்கொண்டிருக்கமாட்டாய். அதனால், "பத்தாவது கணக்கு வேற, பிளஸ் ஒன் கணக்கு வேறயாம்டா. உனக்குத் தாங்காது, காமர்ஸே போடுங்கன்னு சொல்லிட்டுப் போறாரு" என்றேன். "சாரே சொன்னாரா?" என்றாய். "ஆமா, அவரே சொன்னாரு" என்றேன். நீ அழவில்லை, சண்டை போடவில்லை. பேட்டைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டுக் கைகால் கழுவப் போனாய். நீ அவரிடம் போய் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். நீ ரோஷக்காரன். அந்த ரோஷத்தைக் கணக்குப் போட்டுத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அன்று ராத்திரி உன் அம்மா எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. நாலைந்து நாள் பேசவில்லை. ஆனால் அவளும் உன்னிடம் சொல்லவில்லை. அப்பனைப் பிள்ளை முன்னால் பொய்யனாக்கக் கூடாது என்று இருந்துவிட்டாளாம். அது தன் தப்பு என்று இப்போது எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன். ஆனால் அவள் தப்பு கால்வாசி, என் தப்பு முக்கால்வாசி என்றெல்லாம் நான் பங்கு போட வரவில்லை. முழுசும் என்னுடையதுதான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். மந்தாரக்குப்பம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எங்கள் கேங் பையன்கள் ஐந்து பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து தட்டினீர்கள். ஸ்டோர்ஸிலிருந்தும் கூப்பிடவில்லை, டைம் ஆபீஸிலிருந்தும் கூப்பிடவில்லை. நீங்கள் படித்து முடிப்பதற்குள் அந்த டைப்ரைட்டர்களே பழைய இரும்புக்குப் போய்விட்டன. முத்தையா அண்ணனைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம், அவர் தன் மகனையும் அதே வரிசையில்தான் உட்கார வைத்தார். நீ பி.காம். முடித்தாய், ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தாய், குடோனில் சின்ன வேலையில் நுழைந்து இன்று அந்த குடோனையே நடத்துகிறாய். உன் பிழைப்பில் ஒரு குறையும் இல்லை. நீ கெட்டுப்போய்விட்டாய் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. பிளஸ் ஒன் படிக்கும்போது ஆர்ச் கேட் பஸ் ஸ்டாப்பில் உன்னோடு நின்றிருந்தேன். பக்கிரிசாமி சார் எதிரே வந்தார். நான் கும்பிட்டேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் போர்டைப் படிக்க ஆரம்பித்தாய். அவர் முகம் விழுந்துபோனதை நான் பார்த்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், லாரியில் பெட்டிகளை நீ சொன்னபடி மாற்றி அடுக்கினால் ஒரு வரிசை கூடுதலாகப் பிடிக்கிறது, மேனேஜர் ஆச்சரியப்பட்டார் என்று போனில் சொன்னாய். "அது கணக்குதானேடா" என்றேன். "கணக்கெல்லாம் இல்லப்பா, சும்மா ஒரு கண் மதிப்பு" என்றாய். அப்போதும் சொல்லியிருக்கலாம். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான், எதற்குக் கிளறுவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன மே மாதம் இலக்கியா இங்கே வந்திருந்தபோது, பெல்ட் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், எவ்வளவு வேகம் என்று என்னைக் குடைந்து குடைந்து கேட்டு, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் என்னவோ போட்டாள். வெட்டுகிற இடத்திலிருந்து மேலே வந்து கொட்டுகிறவரைக்கும் ஒரு கரிக்கட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கண்டுபிடித்தாளாம். "நீங்க ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள வந்துடும் தாத்தா" என்றாள். அந்தப் பெல்ட் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்தவன், ஒரு நாளும் அதை யோசித்ததில்லை. அடுத்து, "அப்பாவுக்கு ஏன் தாத்தா கணக்குன்னாலே பிடிக்கல?" என்று கேட்டாள். கையைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம் என்றேன்.

பர்மனென்ட் ஆசையில் செய்துவிட்டேன் என்று இதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல தகப்பன் பெயராவது மிஞ்சும். அதுவும் பாதிப் பொய்தான். இனிமேல் எழுதப்போவது உன் அம்மாவுக்கும் தெரியாது. நாற்பத்து நாலு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறோம், அவளும் இந்தக் காகிதத்தில்தான் முதல்தடவை படிக்கப்போகிறாள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்திவிட்டேன், வீட்டில் வசதியில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன் இல்லையா? வசதி இல்லாவிட்டாலும் என் அப்பா என்னைப் படிக்கத்தான் வைத்தார். பி.யு.சி. என்று அப்போது ஒரு வருஷப் படிப்பு, அதில் கணக்குப் பாடம் எடுத்துச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் நானும் கெட்டிக்காரன்தான். காலேஜில் முதல் மாதம் புரிந்தது, இரண்டாம் மாதம் புரிகிற மாதிரி இருந்தது, பிறகு புரியவில்லை. புரியவில்லை என்று எழுந்து கேட்க வெட்கம். தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பரீட்சையில் தோற்றேன். திரும்ப எழுதினேன், திரும்பவும் தோற்றேன். இரண்டாவது ரிசல்ட் வந்த அன்று பத்திரிகையில் என் நம்பர் இல்லை என்று தெரிந்தும் என் அப்பா மேலிருந்து கீழாக மறுபடி மறுபடி விரலை ஓட்டித் தேடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. சித்தப்பா இங்கே மைன்ஸில் இருந்தார், அவரிடம் ஓடிவந்துவிட்டேன். எல்லா ஜில்லாக்காரனும் வந்து சேர்ந்த டவுன்ஷிப் இது. எவன் எங்கே என்ன படித்தான், எதில் தோற்றான் என்று யாருக்கும் தெரியாது. அது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று.

பக்கிரிசாமி சார் அன்று உன்னைப் பற்றிச் சொல்லச் சொல்ல, என் மனசில் ஓடியது பர்மனென்ட் வேலை இல்லையடா. இவனும் சேருவான், இவனும் தலையை ஆட்டிக்கொண்டு உட்காருவான், இவன் நம்பரையும் நான் பத்திரிகையில் தேட வேண்டிவரும் என்று பயந்தேன். அது ஒரு பயம். இன்னொன்றும் இருந்தது, அதை எழுத எனக்கு அவமானமாக இருக்கிறது. ஒருவேளை இவன் பாஸ் செய்துவிட்டால்? எனக்கு வராதது இவனுக்கு வந்துவிட்டால்? பெற்ற மகன் மேல் பொறாமைப்படுகிற அப்பன் இருப்பானா என்று கேட்காதே. ஒரு நிமிஷம் இருந்தான். அந்த ஒரு நிமிஷத்தில்தான் நீ பேட்டோடு உள்ளே வந்தாய். உனக்குத் தாங்காது என்று சொன்னேனே, அது எனக்குத்தான் தாங்கவில்லை. நம்ம வம்சத்துக்கே கணக்கு வராது என்று நேற்று நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். வம்சமாவது ஒன்றாவது. எழுபது வயதை எட்டப்போகிற ஒரு ஆளுக்கு அவன் பதினேழு வயதில் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இன்று காலை பக்கிரிசாமி சார் வீட்டுக்குப் போனேன். ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலிசெய்தபோது வடக்குத்தில் மனை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வீட்டைக் கட்டினேன். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி என்பது கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. எட்டு வருஷமாகப் பால் வாங்கக்கூட அந்தத் தெரு வழியாகப் போனதில்லை. வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். "வாங்க, என்னா இந்தப் பக்கம்? பாலுக்கே ஊரைச் சுத்திகினு போறவராச்சே" என்றார். அதையும் கவனித்து வைத்திருக்கிறார். உட்காராமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் தவிட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "அப்ப பையன் என்னைப் பாத்து மூஞ்சியத் திருப்பிகினு போனது அதுக்குத்தானா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். "தலைக்கனம்னு நெனச்சிகினு இருந்தேங்க. காமர்ஸுக்குப் போயிட்டான், இனிமே நம்ம தயவு எதுக்குன்னு போறான்னு நெனச்சேன். அவன் பேரைச் சொல்லாம கிளாஸ்ல ஒரு தபா திட்டிகூட இருக்கேன்" என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரே நின்றார். "நான் ஒருத்தன்கிட்டயும் அந்த வார்த்தையச் சொன்னதில்லைங்க. முப்பது மார்க் வாங்கறவன்கிட்ட கூடச் சொன்னதில்லை. போயும் போயும் அவன்கிட்டயா சொல்லுவேன்?" எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. விழுந்திருந்தால் இன்னும் கோபப்பட்டிருப்பார். "நீங்க போங்க. போய் மொதல்ல பையனுக்கு எழுதுங்க. போன்ல வேணாம், போன்ல நீங்க மாத்திச் சொல்லிடுவீங்க" என்றார். அதனால்தான் காகிதம். என்னை உட்காரச் சொல்லவில்லை, காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை. எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

இதைப் படித்து முடித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்கு ஓரளவு தெரியும், உன்னைப் பெற்றவன் இல்லையா. கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்தக் கோபத்தோடு இலக்கியாவைக் கூப்பிட்டு, "நீ கணக்கு குரூப்தான் எடுக்கணும், அப்பாவால படிக்க முடியாததை நீ படிச்சுக் காட்டணும்" என்று சொல்லிவிடாதே. அதுவும் தகரக் கொட்டகைதான். அவள் கணக்கு எடுக்க வேண்டும் என்று நான் இதை எழுதவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு நாம் இரண்டு பேரும் பொய்யான பதில் கொடுத்துவிட்டோம், அதை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பிளஸ் ஒன் கணக்கு கஷ்டம்தான், அதை மறைக்காதே. பத்தாவதில் கண்ணை மூடிக்கொண்டு போட்டவர்கள்கூட முதல் பரீட்சையில் நாற்பது வாங்கிக்கொண்டு வருவார்கள் என்று அவளிடம் சொல். நாற்பது வாங்கினால் வீட்டுக்கு வந்து சொல்லலாம், இங்கே யாரும் விரலை வைத்துத் தேடமாட்டோம் என்றும் சொல். புரியவில்லை என்றால் எழுந்து நின்று கேட்கச் சொல். நான் செய்யாமல் விட்டது அது ஒன்றைத்தான். அந்த வருஷம் நான் தோற்றதற்குக் கணக்கு பாதிக் காரணம் என்றால், தலையை ஆட்டியது மீதிப் பாதி. எல்லாம் கேட்ட பிறகும் அவள் காமர்ஸ் என்றால் காமர்ஸ் போடு, சந்தோஷமாகப் போடு. காமர்ஸ் ஒன்றும் மட்டமில்லை, நீயே அதில் ஜெயித்தவன்தான். அவள் பயந்து எடுக்கக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் சொல்வதை நம்பாதே. உன் வாட்ஸ்அப்புக்கும் என் கொட்டகைக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. எங்களிடம் தயிர்சாதமாவது இருந்தது.

அம்மா இப்போது பி.யு.சி. பக்கத்தைப் படித்து முடித்துவிட்டாள். எழுந்து உள்ளே போனாள், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "இதுக்குப் போயி இத்தனை வருஷம் மறைச்சீங்களா? நான் என்ன உங்களைப் பரீட்சை வச்சா கட்டிக்கிட்டேன்?" என்றாள். சொல்லியிருந்தால் எதுவும் கெட்டிருக்காது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. இது தெரிய எனக்கு அறுபத்தெட்டு வயதாகிவிட்டது.

இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதே. இலக்கியாவிடம் கொடு, முழுசும் படிக்கட்டும். தாத்தா பொய் சொன்ன இடத்தையும், பொறாமைப்பட்ட இடத்தையும் அவள் படித்தாக வேண்டும். இல்லையென்றால் கணக்கு சார் என்று யாரோ ஒருவர் எப்போதோ சொன்னதுதான் அவள் மனசில் நிற்கும். கூட டைப் அடித்த அந்த நாலு பையன்களில் யாராவது கேட்டால் அவர்களுக்கும் காட்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை. பக்கிரிசாமி சாரின் நம்பரை உன் போனுக்கு அம்மா அனுப்பியிருக்கிறாள். முதலில் அவருக்குப் பேசு. என்ன பேசுவது என்று யோசிக்காதே. சார், நான் சரவணன் என்று சொன்னால் போதும், மீதியை அவர் பேசிக்கொள்வார். அப்புறம் உன் மகளோடு உட்கார்ந்து பேசு. என்னோடு பேச வேண்டும் என்று உனக்கு இப்போது தோன்றாது, தோன்றவும் வேண்டாம். இந்தக் கவர் புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்கிறார் மந்தாரக்குப்பம் கூரியர்காரர். என் மேல் கோபப்பட உனக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், சரவணா. அவளுக்கு வியாழக்கிழமை வரைக்கும்தான்.

அப்பா